பெருக்கல் குறி விழாத வட்டம்

அத்தியாயம் 17

பொன்னி பேனாவைக் கீழே போட்ட இடத்தில் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். பாவம், அதற்கப்புறம் நான்கு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கூரத்து ராஜகோபாலின் மகள் பொன்னி, உளவியலில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பாமே?" என்று அவளைக் கேட்காத ஆள் ஊரில் பாக்கி இல்லை. அந்தப் படிப்பு வெறும் புத்தகத்தோடு போவதில்லை. செமஸ்டருக்கு ஐந்து பேப்பர், அதில் புள்ளியியல் ஒன்று மண்டையை உடைக்க. அதற்கு மேல், பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் ஆலோசனை மையத்தில் நூற்றிருபது மணி நேரம் உட்கார்ந்து, வருகிறவர்களின் குறை கேட்டு, ஐந்து கேஸ் ரெக்கார்டு எழுத வேண்டும்.

ஒவ்வொரு ரெக்கார்டிலும் மூன்று தலைமுறைக்குக் குடும்பப் படம் ஒன்று வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் பெருக்கல் குறி. மாணவியின் சொந்தக் குடும்பத்துக்கும் ஒரு படம், முதல் பக்கத்திலேயே. நாளை திங்கட்கிழமை கடைசி நாள். ஐந்தில் ஒன்று குறைந்தாலும் ஹால் டிக்கெட் கிடையாது, ஆறு மாதம் அம்பேல்.

நான்கு கேஸ் ஒழுங்காக முடிந்துவிட்டது. ஐந்தாவதாகப் புதன்கிழமை வந்தவள்தான் நசீம் பானு. வயது நாற்பத்தேழு. புருஷன் அப்துல் சத்தார், பாத்திரங்களுக்குக் கலாய் பூசுகிறவர், இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா, மூணு வருஷத்துக்கு ஒரு தபா, திடீர்னு காதுல பம்பை அடிக்குது கண்ணு," என்றாள். "சாம்பிராணி வாசனை வருது. ஒடம்பு கொதிக்குது. யாரோ கெணத்தாண்ட நின்னுக்கினு என்னைக் கூப்புடறாங்க. என் பழைய பேரைச் சொல்லி."

பொன்னி படித்த படிப்புப்படி அதை ஒரு கட்டத்துக்குள் எழுதிக்கொண்டு, குடும்பப் படம் வரைய ஆரம்பித்தாள். அம்மா, அப்பா இரண்டு பேரும் இல்லை. பெருக்கல் குறி இரண்டு. அண்ணன் ஒருத்தர்.

"பேருங்க?"

"ராஜகோபால். ஊரு கூரம். அண்ணி பேரு கிருஷ்ணவேணி. ஆம்பளைப் புள்ள ஒண்ணு, பொம்பளைப் புள்ள ஒண்ணு."

பேனா விழுந்தது அப்போதுதான்.

"எழுது கண்ணு. இன்னாத்துக்கு நிறுத்திட்டே?"

பொன்னியின் பையில் அவள் சொந்தக் குடும்பத்தின் படம் இருந்தது. அதே சதுரங்கள், அதே வட்டங்கள், அதே கோடுகள். ஒரே ஒரு வித்தியாசம். அந்தப் படத்தில் அப்பாவுக்குப் பக்கத்திலிருந்த வட்டத்தில் 'பெரியநாயகி, அத்தை, இருபது வயதில், மஞ்சள் காமாலை' என்று எழுதி மேலே பெருக்கல் குறி போட்டிருந்தாள். இந்தப் படத்தில் அந்த வட்டம் பெருக்கல் குறி இல்லாமல் இருந்தது. இருந்ததோடு எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டும் இருந்தது.

வெக்கைக்காக நசீம் பானு புர்காவைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கட்டியிருந்தது நீலப் பட்டு. முந்தானை முனையில் விரலால் தீற்றிய மஞ்சள். அந்தப் புடவை பொன்னிக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் ஒன்றுவிட்ட சித்தப்பா மகள் கல்யாணத்துக்காகச் செத்துப்போன அத்தைக்கு வைத்துப் படைத்த புடவை அது.

"வர்ற ஞாயித்துக்கெழமை மறுபடியும் கூப்புடப் போறாங்க," என்றாள் நசீம் பானு, எழுந்து புர்காவை மாட்டிக்கொண்டே. "ஒடம்பு முன்னாடியே சொல்லிடுது. வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு அங்க ஆள் இல்ல. இங்க பேசறது வெளியில போகாது இல்ல?"

"போகாதுங்க," என்று பொன்னி சொல்லிவிட்டாள். ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்லச் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான். அன்றைக்குத்தான் அதன் கனம் தெரிந்தது.

இன்றைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை.

வடமாவட்டத்துக்காரர்களுக்குப் பூவாடைக்காரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாமலோ, பூவும் பொட்டுமாகவோ இறந்துபோன பெண், அந்த வீட்டுக்குச் சாமி ஆகிவிடுவாள். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் கிணற்றடியில் பம்பை மேளம் அடித்து அவளைக் கூப்பிட்டு, முனையில் மஞ்சள் தீற்றிய புதுப்புடவை வைத்துப் படைத்து, உத்தரவு வாங்க வேண்டும். அவள் வீட்டில் ஒருத்தர் மேல் இறங்கிச் சரி என்று சொன்னால்தான் தாலி. பொன்னியின் அண்ணன் இளவரசனுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம்.

காலை எட்டு மணிக்குப் பொன்னி மொட்டை மாடிக்குப் போய் மஹாலட்சுமி மேடத்துக்குப் போன் செய்தாள். ரெக்கார்டில் பச்சை மையால் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"மேடம், ஒரு சந்தேகம். கேஸுக்கு வந்தவங்க நமக்குச் சொந்தம்னு நடுவுல தெரிஞ்சா இன்னா பண்றது?"

"சொந்தக்காரங்களைக் கேஸா எடுக்கக் கூடாதுன்னு போன செமஸ்டர்ல ஒரு பேப்பர் முழுக்கப் படிச்சே இல்ல?"

"படிச்சேன் மேடம். தெரியாம எடுத்துட்டேன்."

"நாளைக்கு வந்து ஃபைலை என்கிட்ட ஒப்படைச்சிடு. வேற ஆள் பார்ப்பாங்க. உனக்கு அந்தக் கேஸ் கணக்குல வராது. அஞ்சு நாலாயிடும். ஆறு மாசம் கழிச்சுத்தான் எழுதணும், பொன்னி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது."

"சரிங்க மேடம்."

"இன்னொண்ணு. ஃபைல் கை மாறினாலும் உன் வாய் மாறக் கூடாது. அவங்க சொன்னது, அவங்க வந்தது, ஒண்ணும் வீட்ல மூச்சு விடக் கூடாது. அவங்களா சொல்லிக்கினா அது அவங்க இஷ்டம்."

ஆறு மாதம் போனதற்குப் பொன்னிக்கு அழுகை வரவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இன்றைய பகலை எப்படித் தாண்டுவது என்பதுதான் கவலை. உயிரோடு இருப்பவளை இன்னும் மூன்று மணி நேரத்தில் பேய் மாதிரி அழைக்கப் போகிறார்கள். அங்கே அவளுக்கு உடம்பு கொதிக்கும். வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை என்று அவள் யாரிடம் சொன்னாளோ, அந்த ஆள் இங்கே ஊமை.

கீழே வந்தபோது ராஜகோபால் வெள்ளை வேட்டியில் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு, நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். இன்றைக்கு அவர் பார்வை எதிலும் நிற்கவில்லை.

"அப்பா, என் ரெக்கார்டுக்கு ஒண்ணு கேக்கணும். அத்தை எந்த ஆஸ்பத்திரில இறந்தாங்க?"

"வேலூர்ல. இன்னாத்துக்கு இப்ப?"

"தகனம்?"

"அங்கியேதான். காமாலைன்னு எழுதிட்டே இல்ல, அப்பால இன்னா?" குரல் திடீரென்று உயர்ந்து, பிறகு தானாகவே இறங்கியது. "நாங்கூடப் போகலம்மா. உங்க தாத்தாதான் போயிட்டு வந்தாரு. தனியா வந்தாரு. 'முடிஞ்சிடுச்சு'ன்னு சொன்னாரு. நான் ஒண்ணும் கேக்கல."

கேட்கவில்லை என்பதை அவர் சொன்ன விதம் பொன்னிக்கு என்னவோ போலிருந்தது. அதற்குள் கிருஷ்ணவேணி பூக்கூடையோடு வந்துவிட்டாள்.

"என்னங்க, பம்பைக்காரு வந்துட்டாரு. பொன்னி, அந்தப் பொடவைத் தட்டை எடுத்துக்கினு வா."

தட்டில் பச்சைப் பட்டு. போன வாரம் காந்தி ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி அம்மாவே தேடி எடுத்தது. செத்தவளுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுப்பானேன் என்று அன்றைக்குப் பொன்னி கிண்டல் செய்திருந்தாள். இப்போது தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கிணற்றடியில் ஊரே கூடியிருந்தது. வேப்பிலை செருகிய புதுக்குடம், சுற்றிலும் கதம்பம், வாழையிலையில் படையல். பம்பைக்காரர் காசிநாதன் ஒரு தட்டுத் தட்டிச் சுருதி பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"பெத்தவங்களைத் தவிக்கவுட்டுப் போன பெரியநாயகியே! பூமுடிக்கற வயசுல போனவளே! அண்ணன் மகனுக்குக் கல்யாணம், வாம்மா! கூடப் பொறந்தவன் கூப்புடறான், வாம்மா!"

கிருஷ்ணவேணி குடத்துக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அவள் மேல்தான் வரும். மூன்று தரம் அடித்தால் போதும், தலைமுடி அவிழும், உடம்பு ஆடும், "கட்டுடா தாலியை" என்று சிரிப்பாள். பொன்னி அதைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு ஒரு வாரம் அம்மா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள்.

இன்றைக்கு அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. கிருஷ்ணவேணி அசையவே இல்லை. காசிநாதன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இளவரசன் போனைப் பையில் வைத்துவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

அம்மாவின் கண் இமைகளைப் பொன்னி கவனித்தாள். அவை துடிக்கவில்லை, இறுக மூடியிருந்தன. வராமல் இல்லை, அம்மா வரவிட மாட்டேன் என்கிறாள். இதை எந்தப் புத்தகத்திலும் படிக்க வேண்டியதில்லை, மகளாக இருந்தால் போதும்.

"தலைவரே, உத்தரவு இல்லாம தாலி ஏறக் கூடாது," என்றார் காசிநாதன் மூச்சு வாங்க. "கோவமா இருக்கறா. கன்னிப்பொண்ணு கையால கேட்டுப் பார்ப்போம். பொன்னி, நீ வாம்மா. பொடவையை ரெண்டு கையால புடிச்சிக்கினு கேளு."

பொன்னி குடத்தின் முன்னால் உட்கார வைக்கப்பட்டாள். காதுக்குப் பக்கத்தில் பம்பை இடி இடித்தது. பச்சைப் பட்டு கையில் வழுக்கியது.

அப்போது அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. கெட்ட எண்ணம்தான், மறைக்க மாட்டேன். தலையை விரித்துப்போட்டு ஆடினால் போதும். 'நான் சாகலைடா, என்னைக் கூப்புடாதீங்கடா' என்று கத்தினால் போதும். அருள் வந்தவள் பேச்சுக்கு யார் பொறுப்பு? மேடம் கேட்க முடியாது, காலேஜ் கேட்க முடியாது. சொன்னது பொன்னி இல்லை, சாமி. ஐந்து கிலோமீட்டரோ பத்து கிலோமீட்டரோ தள்ளி ஒரு வீட்டில் இந்த நேரத்தில் ஜுரத்தில் கிடக்கிறவளுக்கு இதைவிட நல்லது யார் செய்ய முடியும்?

வாயைத் திறந்தாள். "இங்க பேசறது வெளியில போகாது இல்ல?" என்ற குரல்தான் காதில் கேட்டது. பம்பைச் சத்தத்துக்கு மேலே, அத்தனை தெளிவாக. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

பின்னால் தொப்பென்று சத்தம்.

ராஜகோபால் மண்ணில் விழுந்திருந்தார். வெள்ளை வேட்டி சேற்றில் புரண்டது. கிணற்றுச் சுவரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, உள்ளே குனிந்து, குழந்தை மாதிரிக் கதறினார்.

"நாயகி! எங்கம்மா இருக்கே? எங்க இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா? நான் கேக்காம வுட்டுட்டேனே! இருபத்தேழு வருஷமா கேக்காம வுட்டுட்டேனே!"

"வந்துட்டா! அண்ணன் மேலயே வந்துட்டா!" என்று கூட்டம் குலவையிட்டது. காசிநாதன் ஓடிப்போய் அவர் நெற்றியில் விபூதியை அப்பி, எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். உத்தரவு கிடைத்தாயிற்று, வெள்ளிக்கிழமை தாலி உண்டு. கற்பூரம் எரிந்தது. எல்லோருக்கும் நிம்மதி.

பொன்னிக்கு மட்டும் இல்லை. செத்தவளை வா என்று கூப்பிடுவார்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. செத்துவிட்டாள் என்று தாத்தா சொன்ன நாளிலிருந்தே சந்தேகம் இருந்திருக்கிறது. அப்துல் சத்தாரோடு போனவளைச் செத்தவளாக்கி, ஊர் வாயை மூடத் தாத்தா சொன்ன பொய், முதல் கல்யாணத்தில் படையல் கேட்டது. ஒரு தரம் படைத்த பிறகு உயிரோடு இருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? கட்சிக்காரர்கள் முன்னால் மைக் பிடித்துப் பேசுகிற மனுஷன், வீட்டுக்குள் ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

குடத்துக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணவேணி கண்ணைத் திறந்து புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் நீர் ஓடியது.

மூன்று மணிக்குப் பந்தி முடிந்து ஊர் கலைந்தது. பொன்னி அறையில் ஃபைலைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணவேணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கையில் மடித்த பச்சைப் பட்டு. முனையில் மஞ்சள்.

"இந்தா. புதன்கிழமை அவங்க வந்தா குடுத்துடு."

பொன்னி நிமிரவில்லை. "யாரு வந்தா?"

"எனக்குத் தெரியும்டி. உன்னாண்ட போங்கன்னு சொன்னதே நான்தான். காதுல பம்பை அடிக்குதுன்னு அழுதாங்க. எம் பொண்ணு அதுக்குத்தான் படிக்கறா, போயி பேசுங்கன்னேன்."

"அம்மா, நான் யாரைப் பத்தியும் பேச முடியாது. வந்தாங்கன்னும் சொல்ல மாட்டேன், வரலைன்னும் சொல்ல மாட்டேன்."

"நல்லாத்தான் படிச்சிருக்கே," என்றாள் கிருஷ்ணவேணி. கோபம் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். "சரி, நீ பேசாதே. நான் பேசறேன். நான் இந்த வூட்டுக்கு வரும்போது அவங்க இல்ல. காமாலைன்னாங்க, நம்பினேன். மொத தபா என்மேல வந்தப்ப, படைச்ச பொடவையை வழக்கப்படி மருமவ நான்தான் கட்டிக்கினேன். கட்டிக்கினு காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். சந்நிதித் தெருவுல ஒரு அம்மா புர்காவோட வந்து என் முந்தானையைப் புடிச்சாங்க. மஞ்சளைப் பார்த்தாங்க. 'நீங்க கூரத்து மருமவளா? அண்ணி, இது என் பொடவையா?'ன்னாங்க."

பொன்னி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பால எல்லாப் பொடவையும் அவங்களுக்குத்தான் போச்சு. கோயிலுக்குக் குடுத்துட்டேன்னு உங்களுக்குச் சொல்லுவேன். அதுக்கப்புறம் வந்த சாமியெல்லாம் நான் ஆடினதுதான். வேற இன்னா பண்றது? இன்னிக்கு ஆட முடியல. அவங்க அழுதது காதுலயே இருந்துச்சு."

"அப்ப மொத தபா?" பொன்னிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

கிருஷ்ணவேணி புடவை முனையை விரலில் சுற்றினாள். "அது ஆடினது இல்ல. சத்தியமா எனக்கு நெனப்பே இல்ல. 'அண்ணனுக்கு மொளகுக் கொழம்புதான் புடிக்கும், தினமும் சாம்பார் வெக்காதே'ன்னு என் வாயால வந்துச்சாம். எனக்கு அது தெரியாதுடி. உசிரோட இருக்கறவங்க எப்படி என்மேல வந்தாங்க? அன்னிலேர்ந்து யோசிச்சிக்கினு இருக்கேன். உன் புஸ்தகத்துல அதுக்குப் பேரு இருக்குதா?"

பெயர் இருந்தது. நீளமான பெயர். போன செமஸ்டரில் அதற்குப் பத்து மார்க் வாங்கியிருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. பதிலுக்கு வேறொன்று கேட்டாள்.

"படையல் தேதியை நீதானே அவங்களுக்கு... யாருக்காவது சொல்லுவியா?"

"ஐயோ, சொன்னதே இல்ல. மனசு நோவும்னு முடிஞ்சப்பறம்தான் பொடவையோட போவேன்."

சாம்பிராணி வாசனை கிணற்றடியிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.

கிருஷ்ணவேணி எழுந்து கதவைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

வாசற்படியில் ராஜகோபால். சேறு காய்ந்த வேட்டி, நெற்றியில் விபூதி அப்படியே, கையில் அந்த எலுமிச்சம்பழம். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த பச்சைப் புடவையைப் பார்த்தார், பொன்னியின் மடியிலிருந்த பையைப் பார்த்தார்.

மகளிடம் இதுவரை அவர் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"புதன்கிழமை எத்தினி மணிக்கும்மா?" என்றார்.